நாட்டியக் குதிரையைத் தேற்றி டிரெஸாஜுக்குப் பழக்குவது

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரையை ஆசையாக வாங்கி வந்தவர்கள் கொஞ்ச நாளில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மேளம் கேட்டால் நின்ற இடத்திலேயே ஆடுகிறது, ஆள் ஏறினால் நிற்க மாட்டேன் என்கிறது, பக்கத்தில் யாராவது கையைத் தூக்கினால் தலையை அண்ணாந்து விடுகிறது, இதை என்ன செய்வது? சந்தைக்கு வரும் குதிரையெல்லாம் அடிபட்டது அல்ல. ஆனால் கல்யாண ஊர்வலத்துக்கு ஆடப் பழக்கிய குதிரை, ரேக்ளாவில் ஓடி ஓய்ந்த குதிரை, சவாரிப் பள்ளியில் பல கை மாறிய குதிரை ஆகிய மூன்றையும் தேற்றும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் உடம்பு, அடுத்து தரையில் நின்று பழக்கம், அடுத்து ஏறுகிறவரின் கை. சேணம் கடைசியில்தான்.

மெல்லிய சைகைக்கே குதிரை சீராக அசையப் பழக்கும் சவாரிக் கலைதான் டிரெஸாஜ். அதன் பயிற்சிக்கு ஆறு படி சொல்வார்கள்: தாளம், தளர்வு, வாயோடு மெல்லிய தொடர்பு, பின்னங்கால் உந்தல், நேராக நடப்பது, கடைசியாக உடம்பைத் திரட்டி ஒடுக்குவது. பியாஃப், அதாவது இருந்த இடத்திலேயே டிராட் (குறுக்குக் கால்கள் சேர்ந்து விழும் துள்ளுநடை) போடுவது, ஆறாம் படி. அதற்கு வரவே நல்ல குதிரைக்கு வருடக்கணக்கில் ஆகும். நாட்டியக் குதிரை ஆடுவதும் வெளிப்பார்வைக்கு அதே மாதிரி இருக்கும். ஆனால் தலையை இழுத்துக் கட்டி, முன்னங்காலைக் குச்சியால் தட்டித் தட்டி, முதல் ஐந்து படியையும் தாண்டி வந்தது அது. முதுகு விறைத்திருக்கும், வாய் திறந்திருக்கும், வால் சுழன்றபடி இருக்கும். ஆட்டத்தை அடக்குவதல்ல நம் வேலை. விட்டுப்போன முதல் இரண்டு படியையும் திரும்பக் கட்ட வேண்டும்.

வந்த முதல் பத்து நாள்

மற்றக் குதிரைகளோடு சேர்க்காமல் 21 நாள் தனியாகக் கட்டுங்கள். தொட்டி, வாளி, தேய்க்கும் பிரஷ் எல்லாம் தனி. கால்நடை மருத்துவரிடம் சொல்லி கிளாண்டர்ஸ், சர்ரா (ஈ கடித்துப் பரவும் ரத்த ஒட்டுண்ணி நோய்) இரண்டுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் ஒட்டும், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். அதற்கான உறுதிச் சோதனை ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தில் நடக்கிறது. மூக்கில் சளி, காலில் கட்டி என்று எதைக் கண்டாலும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டதற்குச் சீட்டு இல்லை என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வில் இருக்கும் குதிரைக்கு உடல் சூடு 37.5 முதல் 38.5 டிகிரி, நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. காலையும் மாலையும் எழுதி வையுங்கள். எடைமேடை இல்லாவிட்டாலும் எடை தெரிந்துகொள்ளலாம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து புட்டத்து முனை வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி 11,877ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 155, நீளம் 145 என்றால் 293 கிலோ.

எலும்பும் தோலுமாக வந்த குதிரைக்கு வயிறு நிறையப் போடுவதுதான் முதல் ஆபத்து. இரக்கப்பட்டு கொள்ளும் வெல்லமும் வைக்கிறவர்கள் இந்த ஊரில் அதிகம். பல நாள் பட்டினி கிடந்த உடம்பில் மாவுச்சத்து திடீரென்று சேர்ந்தால் இன்சுலின் ஏறி, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பரஸையும் மெக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் இழுத்துவிடும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் இதயம் நின்று சாகவும் கூடும். பட்டினியில் பிழைத்தது தீவனத்தில் சாவது இப்படித்தான்.

காய்ந்த குதிரைமசால் (லூசர்ன் என்னும் தீவனப் பயிர்) தான் இதற்கு ஏற்றது. மாவுச்சத்து குறைவு, பாஸ்பரஸும் மெக்னீசியமும் உண்டு. 300 கிலோ குதிரைக்கு முதல் மூன்று நாளும் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை 300 கிராம், ராத்திரியிலும் விடாமல். நான்காம் நாளிலிருந்து அளவைக் கூட்டி வேளையைக் குறைத்து, ஆறாம் நாள் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 1.3 கிலோ என்று கொண்டு வாருங்கள். பச்சையாகத்தான் கிடைக்கிறது என்றால் அரை நாள் வாடவிட்டு, எடையில் நான்கு மடங்கு போடுங்கள். பத்து நாள் கழித்து மெல்ல மெல்லத் தின்னும் அளவுக்கு விடலாம். காய்ந்த தீவனக் கணக்கில் எடையில் நூற்றுக்கு இரண்டு, அதாவது நாளுக்கு ஆறு கிலோ வரை போகும். தண்ணீரும் கல்லுப்பும் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். பூச்சி மருந்து முதல் நாளே வேண்டாம். குடலில் புழு மொத்தமாகச் செத்தால் வயிற்று வலியில் கொண்டுபோய் விடும். சாணத்தைச் சோதித்து, எப்போது எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். உடம்பு தேறி வர மூன்றிலிருந்து ஐந்து மாதம் ஆகும்.

கட்டுத்தரைத் தீவனம் குதிரைக்கு ஆகாது

மாட்டுக்குப் போடுவதையே குதிரைக்கும் போடலாம் என்ற நினைப்பு கொங்குப் பக்கம் ஆழமானது. சில விஷயத்தில் அது நேராகக் கொல்லும்.

பல்லடம், நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைத் தீவனம் எல்லா வீட்டிலும் சுற்றும். பிராய்லர் தீவனத்தில் ரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சேர்க்கும் மோனென்சின், சாலினோமைசின் போன்றவை குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். கோழிக்கு மருந்தான அளவே குதிரைக்கு விஷம். மாற்று மருந்தும் கிடையாது. கோழித் தீவனம் அரைத்த மில்லில் குதிரைக்கு அரைக்காதீர்கள், அந்தக் காலிச் சாக்கில் கொள்ளு கொட்டி வைக்காதீர்கள். சில மாட்டுத் தீவனத்திலும் மோனென்சின் உண்டு.

கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் வளரும் கொழுக்கட்டைப் புல் காங்கேயம் மாட்டுக்கு அருமையானது. அதை மட்டுமே மேயும் குதிரைக்கு வேறு கதை. புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப் போட்டுவிடும். குதிரை தன் எலும்பிலிருந்து அதை எடுக்கத் தொடங்கும். கோ-4 நேப்பியர்ப் புல்லும் அதே ரகம். இதோடு தவிடும் சேர்ந்தால் இன்னும் கெடும், ஏனென்றால் தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம். முகத்து எலும்பு இரு பக்கமும் வீங்குவது, ஒரு நாள் இந்தக் கால் ஒரு நாள் அந்தக் கால் என்று நொண்டுவது ஆகியவை அடையாளம். கெட்ட சுபாவம் என்று அடி வாங்கும் குதிரைகளில் சில உண்மையில் எலும்பு வலியில் இருப்பவை. கொறங்காட்டில் விடலாம், ஆனால் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ காய்ந்த குதிரைமசால் கூடச் சேர வேண்டும். தவிட்டை நிறுத்திவிடுங்கள்.

இளஞ்சோளப் பயிரும் மழையில்லாமல் வாடிய பயிரும் கூடாது. குதிரைக்குச் சிறுநீர்ப்பை செயலிழந்து பின்னங்கால் தடுமாறும் நோய் வரும். நன்றாகக் காய்ந்த சோளத்தட்டைக் கொஞ்சம் சேர்க்கலாம். கடலைக்கொடியை மண் உதறி, பூசணம் பார்த்துப் போடுங்கள். மண் குடலில் தங்கினால் வயிற்று வலிதான். தரையில் கொட்டாமல் தொட்டியில் வையுங்கள். திருவிழாவில் குதிரைக்கு மாலை போடுவது வழக்கம். அது அரளி மாலையாக மட்டும் இருக்கக் கூடாது. கொஞ்சம் இலை தின்றாலே இதயம் நிற்கும்.

வாய், முதுகு, குளம்பு

கடிவாளம் போடும் முன் வாயைப் பார்க்க வேண்டும். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல்லில்லாத ஈறு இருக்கும். கடிவாளம் அழுந்துவது அங்கேதான். முள் கடிவாளமோ முறுக்குக் கம்பியோ போட்ட குதிரைக்கு அந்த ஈறின் அடியில் எலும்பு மேடிட்டிருக்கும், உதட்டோரத்தில் வெள்ளைத் தழும்பு, நாக்கின் குறுக்கே பழைய வெட்டு இருக்கும். முள், முனை உள்ள கடிவாளத்தை 1965ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்பு விதிகள் தடை செய்கின்றன. அப்படி ஒன்று கூடவே வந்தால் வேறு யாருக்கும் கொடுக்காமல் அழித்துவிடுங்கள். கடைவாய்ப்பல் ஓரம் கூர்மையாகி கன்னத்தைக் கிழித்திருந்தால் மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து ராவித் தருவார். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருப்பவர்கள் அங்கேயே கொண்டு போகலாம்.

முதுகெலும்பின் இரு பக்கமும் விரல் நுனியால் தோளிலிருந்து இடுப்பு வரை மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். தோல் துடிப்பது இயல்பு. முதுகு கீழே தாழ்வது, தலை திரும்பிக் கடிக்க வருவது, வயிறு இறுகுவது இயல்பல்ல. வெள்ளை முடித் திட்டு இருக்கும் இடத்தில் பழைய சேணம் அழுத்தியிருக்கிறது என்று பொருள்.

குளம்பை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு முறை சீவ வேண்டும். லாடத்தைக் கழற்றிவிட்டு முதல் இரண்டு மூன்று மாதம் வெறுங்குளம்பில் வைப்பது பெரும்பாலும் நல்லது. ஆனால் சரளைக் கல் தோட்டத்தில் அது சித்திரவதை. செம்மண்ணில் கல் பொறுக்கிய இடம் வேண்டும். லாயத் தரைக்குப் பொள்ளாச்சித் தென்னை நார்த்தூள் ஈரத்தை நன்றாக இழுக்கும். ஆனால் பட்டினி கிடந்த குதிரை படுக்கையைத் தின்னும். அதனால் தீவனம் நிலைப்படும் வரை ரப்பர் விரிப்பு மட்டும் போதும்.

தரையில் நின்று

குதிரை கற்பது அழுத்தம் கொடுக்கும்போது அல்ல, அழுத்தம் விலகும் நொடியில். கயிற்றில் மெல்லிய இழுப்பு, குதிரை ஓரடி வைக்க நினைத்து எடையை மாற்றியவுடன் கயிறு தளர வேண்டும். அரை நொடி தாமதித்தால் எதற்காகத் தளர்ந்தது என்று அதற்குப் புரியாது. இரண்டு நொடி தாமதித்தால் தலையைத் தூக்கியதற்காகத் தளர்ந்தது என்று நினைத்துக்கொள்ளும். கெட்ட பழக்கம் என்று சொல்லப்படுவதில் பாதி இப்படித் தப்பான நேரத்தில் தளர்த்தியதால் வந்தது.

முதல் வாரம் கடிவாளமே வேண்டாம், தலைக்கயிறு போதும். நேர் எதிரே போகாமல் தோளை நோக்கிச் சாய்வாக நடங்கள். மூச்சைப் பிடிக்கிறதா, தாடை இறுகுகிறதா, கண்ணுக்கு மேலே சுருக்கம் விழுகிறதா பாருங்கள். தெரிந்தால் நின்று ஓரடி பின்வாங்குங்கள். மார்வாரியில் காது முனை உள்நோக்கி வளைந்திருப்பதால் முனையைப் பார்த்து ஏமாறக் கூடாது. காதின் அடி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் கணக்கு. முதலில் கை வைக்க வேண்டிய இடம் பிடரி முடியும் இடத்து முதுகுத் திமில். குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துவிடும் இடம் அது. நெற்றியில் தட்டிக்கொடுப்பது நமக்குப் பிடித்தது, அதற்கல்ல.

ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. நிற்பது, ஓரடி முன்னே, ஓரடி பின்னே, தலையைத் தாழ்த்துவது ஆகிய நான்கும் பதறாமல் வரும் வரை வேறு எதுவும் வேண்டாம். தலை தாழ்த்துவதற்குக் காதுக்குப் பின்னால் இரண்டு விரல் வைத்துக் காத்திருங்கள். ஒரு அங்குலம் இறங்கினாலும் விரலை எடுங்கள். பரிசு ஒரு பிடி குதிரைமசால். வெல்லம் வேண்டாம்.

இங்கே ஒன்றை எதிர்பார்த்தே இருங்கள். வந்த புதிதில் அடக்கமாக இருந்த குதிரை, உடம்பில் கொஞ்சம் சதை போட்டதும் கடிக்கும், காலைத் தூக்கும், கட்டும்போது விலகும். நன்றாகத் தின்று கொழுப்பு ஏறிவிட்டது என்று சொல்லி சாட்டையை எடுப்பது இந்தக் கட்டத்தில்தான். ஆரம்பத்தில் இருந்தது அடக்கமல்ல, சொல்லிப் பயனில்லை என்று விட்ட நிலை. மாட்டேன் என்று சொல்லத் தெம்பு வந்ததை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டு, எதற்கு மாட்டேன் என்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் முதுகு, வாய், குளம்பு மூன்றில் ஒன்றாக இருக்கும்.

மேளத்துக்குத் தனி வேலை உண்டு. பம்பையும் தப்பட்டையும் செல்போனில் ஒலிக்கவிட்டு, தீவனம் தின்னும் நேரத்தில் நாற்பது மீட்டர் தள்ளி வையுங்கள். மெல்லுவது நிற்காத வரை சரி. வாயில் புல்லோடு அசையாமல் நின்றால் சத்தம் அதிகம், உடனே தள்ளுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஐந்து மீட்டர் கிட்டக் கொண்டு வரலாம். பழகட்டும் என்று நேராகத் திருவிழாக் கூட்டத்தில் கொண்டு நிறுத்தினால் எத்தனை வாரம் செய்ததும் போய்விடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் அடிக்கும்போது தென்னை ஓலைச் சத்தமே போதும், எந்தக் குதிரையும் மிரளும். அந்த மாதங்களில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள், தெரிந்ததையே விடிகாலையில் செய்யுங்கள்.

ஏறுகிறவரையும் தேற்ற வேண்டும்

விழுந்து பயந்தவர், அதட்டிப் பழகியவர் இருவருக்கும் ஒரே நோய்: கை இறுகிவிடும். இவர்களை இந்தக் குதிரை மேல் உடனே ஏற்றக் கூடாது. வயதான, நிதானமான வேறொரு குதிரையை ஏழெட்டு மீட்டர் சுற்றுக் கயிற்றில் விட்டு, லகான் இல்லாமல் ஏற்றுங்கள். கழுத்தில் ஒரு தோல் பட்டை கட்டியிருந்தால் தடுமாறும்போது பிடித்துக்கொள்ளலாம். அங்கவடி போட்டுப் பதினைந்து நிமிடம், கழற்றி ஐந்து நிமிடம். குதிரையின் பின்னங்கால் எது எப்போது தரையில் விழுகிறது என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அதைத் தப்பில்லாமல் சொல்ல வந்தால்தான் இடுப்பு தளர்ந்திருக்கிறது. ஹெல்மெட் இல்லாமல் யாரும் ஏறக் கூடாது, பத்து வருடம் ஓட்டியவர் உட்பட.

கைக்குத் தரையிலேயே பயிற்சி உண்டு. லகானின் ஒரு முனையில் காய்கறி எடை போடும் தொங்கு தராசை மாட்டி, ஒருவர் தராசைப் பிடிக்க, மற்றவர் நடந்துகொண்டே லகானைத் தொய்யாமல், ஆனால் அரைக் கிலோவைத் தாண்டாமல் வைத்திருக்க வேண்டும். முதல் தடவை எல்லோருக்கும் முள் ஐந்து கிலோவுக்குத் துள்ளும். எவ்வளவு இழுத்துக்கொண்டிருந்தோம் என்பதைப் பேச்சு புரியவைக்காது, முள் புரியவைக்கும். காலுக்கும் இதே விதிதான். ஒரு முறை கேட்பது, குதிரை நகர்ந்ததும் கால் ஓய்வது. ஒவ்வொரு அடிக்கும் குதிகாலால் உதைத்தால் குதிரை அதைக் கேட்பதையே நிறுத்திவிடும். அப்புறம் குதிகாலில் மாட்டும் முள் தேவைப்படும்.

எடைக் கணக்கையும் கூச்சப்படாமல் போட வேண்டும். சேணம் சேர்த்து, தேறி வரும் குதிரை மேல் அதன் எடையில் நூற்றுக்கு 15, நன்றாகத் தேறிய பின் 20. 350 கிலோ குதிரைக்கு அது 52 கிலோவும் 70 கிலோவும். ஏழு கிலோ சேணத்தைக் கழித்தால் முதல் சில மாதம் 45 கிலோ ஆள்தான் ஏறலாம். வீட்டுக்காரர் எண்பது கிலோ என்றால் அவர் தரையிலிருந்து பழக்கட்டும். குதிரைக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

ஏறிய பிறகு

விலா எலும்பு தெரியாமல், தடவினால் மட்டும் தட்டுப்படும் அளவுக்குச் சதை வந்த பின்தான் சேணம். மூக்குப் பட்டையை மூக்கெலும்பின் மேல் இரண்டு விரல் தாராளமாக நுழையும்படி கட்டுங்கள். பக்கவாட்டில் நுழைத்துப் பார்ப்பது கணக்கில்லை. கடிவாளம் வழவழப்பான சாதாரண ஸ்னாஃபிள், அதாவது நெம்புகோல் இல்லாத வாய்க்கம்பி. வாயில் பழைய காயம் ஆழமாக இருந்தால் கடிவாளமே இல்லாத தலைக்கட்டு.

முழு டிரெஸாஜ் களம் 60க்கு 20 மீட்டர், சின்னது 40க்கு 20. இறுகிய செம்மண் அடித்தளத்தின் மேல் ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் மணல் போதும். மேலே போனால் தசைநாண் இழுத்துக்கொள்ளும். முதல் ஒரு மாதம் வாக் என்னும் மெதுநடை மட்டும், இருபது நிமிடம், பங்குனி சித்திரையில் வெயில் ஏறும் முன் முடித்துவிட வேண்டும். தளர்வைக் கண்ணால் அளக்க ஒரு வழி: மணலைச் சமன்படுத்தி ஒரு முறை நடத்துங்கள். பின்குளம்பின் தடம் முன்குளம்பின் தடத்தில் விழுந்தாலோ தாண்டினாலோ முதுகு ஆடுகிறது. ஒரு சாண் பின்னால் விழுந்தால் இன்னும் இறுக்கம். வாக்கில் நான்கு குளம்புச் சத்தமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இரண்டிரண்டாகச் சேர்ந்து கேட்டால் ஆட்டம் வரப்போகிறது என்று அர்த்தம்.

ஆட்டம் வந்தேவிட்டால் இழுக்காதீர்கள். பழைய நாட்களில் ஆட்டத்துக்கான உத்தரவே அந்த இழுப்புதான். நிறுத்தப் பார்ப்பதும் வேண்டாம். இருபது மீட்டர் வட்டத்தில் திருப்பி, உள்பக்கக் கையை ஒரு சாண் முன்னால் கொடுத்து, நீங்கள் மூச்சை நீளமாக விடுங்கள். இரண்டு மூன்று சுற்றில் வாக் வந்தால் லகானை நீள விட்டு அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் இறங்கி, கையில் பிடித்து நடத்துங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை.

அடுத்து கம்புகள். உருளாதபடி முட்டுக் கொடுத்து, வாக்குக்கு 80 சென்டிமீட்டர் இடைவெளியில் நான்கு. டிராட்டுக்கு இந்த உயரக் குதிரைகளுக்கு 1.1 முதல் 1.2 மீட்டர். கம்பைத் தாண்டும்போது குதிரை தானாகத் தலையைத் தாழ்த்தும், யாரும் தாழ்த்தத் தேவையில்லை. தாடையை நெஞ்சோடு ஒட்டி மடக்குவது அழகு என்று வீடியோ பார்த்துப் பழகியவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியது இதைத்தான். நெற்றிக் கோடு செங்குத்துக்கு முன்னால், மூக்கு வெளியே இருக்க வேண்டும். பின்னால் போனால் முன்னே என்ன இருக்கிறதென்று அதற்குச் சரியாகத் தெரியாது, தொண்டை நெருக்கும்.

ஏறியபோது வலி இருக்கிறதா என்று பார்க்க இங்கிலாந்துக் கால்நடை மருத்துவர் சூ டைசன் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டிருக்கிறார். ஐந்து நொடிக்கு மேல் காதை மடக்குவது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, தலை கோணுவது, குளம்பு நுனி இழுபடுவது போன்றவை அதில் உண்டு. எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் வலி இருக்க வாய்ப்பு அதிகம். பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

டிராட்டில் சீரான தாளம், இரு பக்கமும் இருபது மீட்டர் வட்டம், பிறகு பதினைந்து மீட்டர், வாக்கில் தோளை உள்ளே கொண்டுவரும் பக்கநடை. ஒரு வருடத்துக்கு இது போதுமான வேலை. டிராட்டுக்கு அடுத்த வேகமான கேன்டர் எப்போது என்று குதிரையே காட்டும்: வட்டத்தில் தானாக எடுத்து, பதறாமல் திரும்ப டிராட்டுக்கு இறங்கும்.

பழைய நாட்டியக் குதிரைக்கு மறுபடி பியாஃப் சொல்லித் தரலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. மேளச் சத்தத்தில் லகானை நீள விட்டு, கழுத்து தாழ்ந்து, நான்கு சத்தத்தோடு ஒரு முழுக் களம் வாக் போக வேண்டும். அது வாரக்கணக்கில் தவறாமல் வந்தால், கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று அரையடி கேட்டுப் பார்க்கலாம். கேட்டு முடித்ததும் பழைய வாக் உடனே திரும்பவில்லை என்றால் அந்தக் குதிரையிடம் இனி அதைக் கேட்காதீர்கள். விற்றாலும் இந்த விவரத்தை, வாய்க் காயம், தீவன அளவு, போடக் கூடாத கடிவாளம் எல்லாவற்றோடும் தாளில் எழுதி வாங்குகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.